முடியாத போர், எடுக்கப்படாத வழக்கு: ஃபேன்டசி கேம்களில் தரப்பு மோதலை எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபேன்டசி வீடியோ கேமுக்குக் கதை எழுத உட்காருபவர் முதலில் வரைவது வரைபடத்தை. அடுத்து, அந்த வரைபடத்தை இரண்டாகப் பிளக்கும் ஒரு பகையை. பேரரசும் கலகக்காரர்களும், மந்திரவாதிகளும் அவர்களைக் காவல் காக்கும் வீரர்களும், மனிதர்களும் எல்ஃப்களும் என்று இந்த வகைக் கேம்களில் தரப்புகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பகையை மூட்டுவது எளிது. அதை முடிக்காமல் விடுவதும் எளிதுதான், ஏனென்றால் அடுத்த பாகத்துக்கு அது தேவைப்படும். எழுத்தாளர்கள் தடுக்கி விழுவது இவை இரண்டுக்கும் நடுவே, அந்தப் பகை நீடித்த காலத்தில் நடந்த அநியாயங்களுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியில்தான்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு கேள்விக்காக எழுதப்பட்டது என்பதால், என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போரை முடிக்காமல் விட எழுத்தாளருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தப் போரில் இழைக்கப்பட்ட குற்றம், ஏதாவது ஒரு மன்றத்தில், யாராவது ஒருவர் முன்னால், குற்றம் என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்டாக வேண்டும். விசாரணை தோற்கலாம், தீர்ப்பு தவறாகப் போகலாம், குற்றவாளி தப்பியும் ஓடலாம். அவை எல்லாமே கதைதான். வழக்கே எடுக்கப்படாமல் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவினால் மட்டும், தப்பித்தது பாத்திரம் இல்லை, எழுத்தாளர்தான் என்று விளையாடுபவர் சரியாகவே கண்டுகொள்வார்.

உதாரணங்களை ஸ்கைரிம் (2011), டிராகன் ஏஜ் 2 (2011), டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் (2014), டிரனி (2016), வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகிய கேம்களிலிருந்து எடுத்துள்ளேன். இவற்றின் முடிவுகள் ஒளிவுமறைவின்றிப் பேசப்படுகின்றன. இன்னும் விளையாடாதவர்கள் அதை மனதில் வைத்துப் படிக்கவும்.

படி 1: இரண்டு பெயர் கொண்ட ஒரு செயலைக் கண்டுபிடியுங்கள்

பகைக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு எழுதுவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும், ஆனால் இரு தரப்பும் வேறு வேறு பெயர் வைத்து அழைக்கும் ஒரே ஒரு செயல் போதும். ஸ்கைரிமின் உள்நாட்டுப் போர் அப்படிப்பட்ட செயலின் மேல்தான் நிற்கிறது. விண்ட்ஹெல்மின் ஆட்சியாளர் உல்ஃப்ரிக் ஸ்டார்ம்கிளோக், சாலிட்யூட் நகரத்துக்குச் சென்று, ஸ்கைரிமின் மாமன்னர் டோரிக்கை நேருக்கு நேர் அழைத்துக் கொன்றார். பேரரசின் ஆதரவாளர்கள் இதைக் கொலை என்கிறார்கள். கலகக்காரர்கள், நோர்டு மக்களின் பழைய மரபுப்படி நடந்த சவால் சண்டை என்கிறார்கள். என்ன நடந்தது என்பதில் சச்சரவு இல்லை. எந்தச் சட்டத்தின் கீழ் அதை அளப்பது என்பதில்தான் சச்சரவு, அதைச் சொல்ல வேண்டிய மன்றம் எதுவும் நாட்டில் மிச்சமில்லை.

இந்த முரணை அந்தக் கேம் எப்படிக் காட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். சாலிட்யூட் நகருக்குள் முதன்முறை நுழையும்போது வாசலருகே ஒரு தலைவெட்டு மேடையும் அதைச் சுற்றி ஒரு சிறு கூட்டமும் இருக்கின்றன. உல்ஃப்ரிக் வெளியேறுவதற்குக் கதவைத் திறந்துவிட்ட ராக்விர் என்ற காவலர் மேடையில் நிற்கிறார். கொலை எதுவும் நடக்கவில்லை, அது நியாயமான சண்டை என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்; கூட்டம் அவரைத் திட்டுகிறது; தலை விழுகிறது. பிறகு அவருடைய சகோதரி கிரெட்டா, அவர் அணிந்திருந்த, பேரரசு வழிபடத் தடை செய்த டாலோஸ் தெய்வத்தின் தாயத்தை எடுத்து வந்து தரும்படி நம்மிடம் கேட்கிறார். அரசியல் சச்சரவு முழுவதும் ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. நூறு பக்க வரலாற்றுக் குறிப்பு செய்யாத வேலையை அந்த இரண்டு நிமிடக் காட்சி செய்துவிடுகிறது.

செய்முறை இதுதான். அந்தச் செயலை உரிச்சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதன் கீழே ஒவ்வொரு தரப்பும் அதையே எப்படிச் சொல்லும் என்று தனித்தனியாக எழுதுங்கள். இந்த வாக்கியங்களில் எதிலும் பொய் இருக்கக் கூடாது. ஒரு தரப்பின் வாக்கியம் பொய்யை நம்பி நின்றால், உங்கள் கையில் இருப்பது துப்பறியும் கதை. பொய் வெளிப்பட்ட அன்றே பகை முடிந்துவிடும். உண்மை முழுவதும் தெரிந்த பிறகும் முடியாத பகைதான் நமக்கு வேண்டும். ஸ்கைரிமில் நாம் இறந்தவர்களின் உலகத்துக்கே போய் டோரிக்கின் வாயாலேயே நடந்ததைக் கேட்க முடிகிறது; ஆனாலும் போர் பற்றிய நம் முடிவு ஓர் அங்குலம்கூட எளிதாவதில்லை. டோரிக் உல்ஃப்ரிக்கை மதித்தவர், கேட்டிருந்தால் பேரரசிலிருந்து விலகுவதைப் பற்றி யோசித்தும் இருப்பார் என்று அவருடைய அரசவை மந்திரவாதி சிபில் ஸ்டென்டர் சொல்லும்போது, சிக்கல் இன்னும் கூடுகிறது.

படி 2: இரு தரப்பும் சேர்ந்து மிதித்தவரை எழுதுங்கள்

இரண்டு தரப்பு மோதல் விரைவில் தராசாகிவிடும்: இங்கே ஒரு குற்றம், அங்கே ஒரு குற்றம், கடைசியில் ‘இருவருமே தவறு’ என்ற சோம்பேறித்தனமான முடிவு. அந்தத் தராசை உடைப்பவர் மூன்றாமவர். இரு பெரிய தரப்புகளும் எந்த நிலத்துக்காக அடித்துக்கொள்கின்றனவோ, அந்த நிலத்தில் முன்பே இருந்தவர்கள் யார் என்று கேளுங்கள்.

ஸ்கைரிமின் மேற்கு மூலையில் உள்ள மார்கார்த் இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த பாடம். பேரரசு எல்ஃப்களோடு பெரும் போரில் சிக்கியிருந்தபோது, ரீச் பகுதியின் பூர்வகுடிகள் தங்கள் நகரத்தைக் கைப்பற்றி இரண்டு ஆண்டுகள் தாங்களே ஆண்டார்கள். டாலோஸ் வழிபாட்டுக்கு அனுமதி கிடைக்கும் என்ற வாக்குறுதியின் பேரில் உல்ஃப்ரிக் ஒரு படையோடு வந்து நகரத்தை மீட்டார். எல்ஃப்களின் ஆட்சிக் குழுவான தால்மோர் நெருக்கியதும் பேரரசு வாக்கை மீறி அவரையே சிறையில் அடைத்தது. கலகக்காரர்கள் இந்த நிகழ்ச்சியைத் தங்களுக்கு இழைக்கப்பட்ட துரோகமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். பேரரசின் ஆட்களுக்கு அது ஒரு ராஜதந்திரச் சங்கடம். நகரத்தை இழந்த ரீச் மக்களுக்கு இரு தரப்பின் நினைவிலும் இடமே இல்லை. அவர்கள் மலைகளில் ஃபோர்ஸ்வார்ன் என்ற பெயரில் வழிப்பறிக்காரர்களாக நமக்கு அறிமுகமாகி, கண்டவுடன் தாக்க வருகிறார்கள். நாமும் யோசிக்காமல் கொன்று பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

அதன்பின் நகரத்துக்குள் ஓர் இழை தொடங்குகிறது. சந்தையில் பட்டப்பகலில் ஒரு பெண் தாக்கப்படுகிறாள். எல்ட்ரிஸ் என்ற இளைஞர், தன் தந்தையும் இப்படித்தான் கொல்லப்பட்டார், காவலர்கள் மூடி மறைக்கிறார்கள், உதவுங்கள் என்று கேட்கிறார். விசாரித்துக்கொண்டே போனால் நகரத்தின் பெரும் செல்வக் குடும்பமான சில்வர்-பிளட் வாசலில் போய் நிற்கிறோம். துப்பு எல்லாம் சேர்த்துத் திரும்பும்போது எல்ட்ரிஸ் பிணமாகக் கிடக்கிறார். அவர் செத்த பழியை நம் மேலேயே போட்டு, காவலர்கள் நம்மைச் சிட்னா சுரங்கத்தில் தள்ளுகிறார்கள். அந்தச் சிறையும் அதே குடும்பத்தின் வெள்ளிச் சுரங்கம்தான்.

சுரங்கத்துக்குள் பிரெய்க் என்ற கைதியிடம் பேச்சுக் கொடுத்தால் அவர் தன் மகளைப் பற்றிச் சொல்கிறார். ஃபோர்ஸ்வார்ன் தலைவர் மதனாக்கோடு ஒரு முறை பேசியதுதான் பிரெய்க் செய்த குற்றம். அப்பாவுக்குப் பதிலாகத் தன்னை எடுத்துக்கொள்ளும்படி அந்தப் பெண் ஆட்சியாளரிடம் கெஞ்சினாள். அவள் தலையை வெட்டுவதைப் பார்க்க வைத்துவிட்டு, பிறகு அவரையும் சுரங்கத்திலேயே போட்டார்கள். இதைச் சொல்பவர் முகத்தில் பெரிய நடிப்பு எதுவும் இல்லை, பின்னணி இசையும் பொங்குவதில்லை. பழைய தலைமுறை கேமின் விறைத்த முகம், நாலைந்து வரி வசனம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மலையில் ஒரு ஃபோர்ஸ்வார்ன் வில்லை நீட்டும்போது நம் கை ஒரு நொடி தயங்குகிறது.

அவர்களை நல்லவர்களாக மாற்றிவிடவும் கூடாது என்பதை இதே இழை சொல்லித் தருகிறது. மதனாக்கை விடுவித்தால் அவருடைய ஆட்கள் நகரத்துத் தெருவில் கத்தியோடு இறங்குகிறார்கள். அவரைக் கொன்றால் தோனார் சில்வர்-பிளட் வாசலில் காத்திருந்து நமக்கு மன்னிப்பும் ஒரு மோதிரமும் தருகிறார். எல்ட்ரிஸுக்கு எந்த வழியிலும் நியாயம் கிடைப்பதில்லை. ஆனாலும் அவருடைய வழக்கு எடுக்கப்பட்டது. நாமே எடுத்தோம், நாமே தோற்றோம்.

படி 3: போர் ஏன் முடியவில்லை என்பதற்குக் கதைக்குள் ஒரு காரணம் வையுங்கள்

போர் முடியாததற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் கதைக்கு வெளியே இருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வெளியானபோதே விளையாடுபவர்களை அலையன்ஸ், ஹோர்டு என்று இரண்டாகப் பிரித்துவிட்டது. பணம் கட்டி விளையாடுபவர்களில் ஒரு பெரும் பங்கினரின் அணியைக் கதையில் தோற்கடித்துக் கலைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. ஆகவே அங்கே எந்தப் போரும் கடைசியில் சமாதான ஒப்பந்தத்தில்தான் முடியும், எந்த ஒப்பந்தமும் அடுத்த போரில்தான் முடியும். இந்தக் கட்டாயத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கதைக்குள் தன் முகத்தை அப்படியே காட்டினால் நம்பகத்தன்மை போய்விடும்.

ஸ்கைரிம் இதை ஒரே ஒரு காகிதக் கட்டால் தீர்க்கிறது. தால்மோர் தூதரகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழையும்போது உல்ஃப்ரிக்கைப் பற்றிய ஒரு ரகசியக் கோப்பு கையில் கிடைக்கிறது. பழைய போரில் அவர் எல்ஃப்களிடம் கைதியாக இருந்ததும், சித்திரவதையில் அவர் சொன்ன தகவலால்தான் தலைநகர் விழுந்தது என்று அவரை நம்ப வைத்ததும், உண்மையில் நகரம் அதற்கு முன்பே விழுந்துவிட்டதும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. கலகக்காரர்கள் வெற்றி பெறுவதும் தவிர்க்கப்பட வேண்டும், போர் இழுத்துக்கொண்டே போவதுதான் தங்களுக்கு நல்லது என்பதும் அதே கோப்பில் உண்டு. முடியாத போருக்கு இப்போது ஒரு பயனாளி கிடைத்துவிட்டார். விளையாடுபவர் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தக் கோப்பின் நிழல் அவர் மேல் விழுகிறது.

உங்கள் கதையில் இப்படி ஒரு பயனாளியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எச்சரிக்கை மட்டும்: எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். போரை நீட்டிப்பவர் வேறு, போரில் ஊரைக் கொளுத்தியவர் வேறு. இந்த வேறுபாடு மங்கினால் என்ன ஆகும் என்பதை அடுத்த படியில் பார்க்கலாம்.

படி 4: உங்கள் கதையால் விசாரிக்க முடியாத குற்றத்தை எழுதாதீர்கள்

எட்டுப் படிகளில் எழுத்தாளர்கள் அதிகம் மீறுவது இதைத்தான். பரபரப்புக்காக ஒரு பேரழிவை எழுதிவிடுவார்கள். அதைச் செய்தவரை விசாரிக்கும் காட்சிக்கு இடமும் இருக்காது, துணிச்சலும் இருக்காது.

2018-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் ‘பேட்டில் ஃபார் அசராத்’ விரிவாக்கத்தை ஒட்டி, ஹோர்டின் தலைவி சில்வானஸ், நைட் எல்ஃப்கள் குடியிருந்த டெல்ட்ராசில் என்ற பெருமரத்தை எரிக்க உத்தரவிட்டார். போர் ஏற்கெனவே வெல்லப்பட்டிருந்தது. மரத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் குடிமக்கள். அலையன்ஸ் பக்கம் இருந்தவர்களுக்கு, எரியும் நகரத்திலிருந்து சில நிமிடங்களுக்குள் மக்களைக் காப்பாற்றும் பணி தரப்பட்டது; எவ்வளவு ஓடினாலும் எண்ணிக்கை நிறையாதபடி அது அமைக்கப்பட்டிருந்தது. அது கைதேர்ந்த வடிவமைப்பு. ஹோர்டு பக்கம் இருந்தவர்களுக்கோ இன்னும் கசப்பான அனுபவம்: அந்தப் படையெடுப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் பங்கெடுத்திருந்தார்கள், தீ வைக்கும் முடிவில் மட்டும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

இப்படி ஒரு குற்றத்தை எழுதிய கணத்திலேயே கதை ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கடன் எப்படி அடைக்கப்பட்டது? 2019-இல் ஆர்க் தளபதி சார்ஃபாங், ஹோர்டின் தலைநகரான ஆர்கிரிமாரின் வாசலில் சில்வானஸைச் சவால் சண்டைக்கு அழைத்து உயிரை விட்டார். ஹோர்டு ஒன்றுமே இல்லை என்று கத்திவிட்டு அவள் பறந்து போனாள். இரு அணிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்தது. அதற்கடுத்த விரிவாக்கத்தில் அவள் ஜெயிலர் என்ற பெரிய சக்தியோடு சேர்ந்திருந்தது தெரியவந்தது; முன்பு பிளவுபட்டிருந்த அவளுடைய ஆன்மாவின் ஒரு பகுதி திரும்பி வந்து சேர்ந்தது. 2022-இல் நைட் எல்ஃப்களின் தலைவி டிராண்டே தீர்ப்பளித்தாள்: ‘மா’ என்ற இருண்ட உலகத்துக்குப் போய், அங்கே சிக்கிய ஒவ்வோர் ஆன்மாவையும் தேடி விடுவிக்க வேண்டும்.

தீர்ப்பைத் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டவர்களின் தலைவியே தீர்ப்புச் சொல்கிறாள். தண்டனை குற்றத்தோடு நேரடியாகப் பொருந்துகிறது. ஆனால் தீர்ப்புக்கு முன்னால் விசாரணை என்று ஒன்று நடக்கவில்லை. ஆன்மா பிளவுபட்டிருந்தது, பின்னால் இருந்து ஒருவன் ஆட்டிவைத்தான் என்ற இரண்டு சமாதானங்களும் குற்றவாளியை இரண்டாக வெட்டி, குற்றம் செய்த பாதியை நம் கையில் கிடைக்காமல் செய்துவிட்டன. கூண்டில் நின்றவள் எரித்தவள்தானா என்பதே சந்தேகமாகிவிட்ட பிறகு, எரிந்தவர்களின் கேள்வி யாரிடம் போகும்?

இதே உலகத்தில் இதற்கு முன்பும் ஒரு வாய்ப்பு வந்தது. 2013-இல் ஆர்கிரிமார் முற்றுகையின் முடிவில் ஹோர்டின் அன்றைய தலைவன் காராஷ் பிடிபட்டான். இரு அணிகளும் சேர்ந்து அவனைப் பாண்டேரியாவில் விசாரணைக்கு ஒப்படைத்தன. இவ்வளவு அருமையான மன்றம் ஒரு ஃபேன்டசி கேமுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. ஆனால் விசாரணை நடந்தது கேமுக்குள் இல்லை, தனியாக வெளிவந்த ஒரு நாவலில். கேமை மட்டும் விளையாடியவர், 2014-இல் அடுத்த விரிவாக்கத்தைத் திறந்தபோது, காராஷ் ஏற்கெனவே தப்பி வேறொரு காலத்துக்குப் போயிருந்தான். கடைசியில் ஹோர்டின் முன்னாள் தலைவன் த்ரால் அவனைச் சண்டையில் கொன்றபோது, என்னைத் தலைவனாக்கியதே நீதான் என்று அவன் கத்தினான்; விசாரணையில் எழுந்திருக்க வேண்டிய மிக முக்கியமான வாதம் அது.

ஆகவே, பெருங்குற்றத்தை எழுதும் முன் அதன் விசாரணைக் காட்சியை எழுதிவிடுங்கள். எந்த இடம், யார் சாட்சி, குற்றவாளியின் வாதத்தில் உண்மையிலேயே கனமான பகுதி எது என்று மூன்றும் கையில் இல்லாவிட்டால் குற்றத்தின் அளவைக் குறையுங்கள். ஒரு கிராமம் எரிவது போதுமான இடத்தில் ஒரு நாகரிகமே எரிய வேண்டியதில்லை.

படி 5: தீர்ப்புச் சொல்பவருக்கு என்ன தகுதி என்று கேளுங்கள்

இன்க்விசிஷன் கேமில் ஸ்கைஹோல்ட் கோட்டை கைக்கு வந்த பிறகு, நாம் அரியணையில் அமர்ந்து கைதிகளை விசாரிக்கலாம். ஆலோசகர் ஜோசஃபின் குற்றப்பத்திரிகையை வாசிப்பார், கைதி தன் வாதத்தைச் சொல்வார், நாம் தீர்ப்பளிப்போம். ஒவ்வொரு விசாரணையும் சில நிமிடம்தான் நீளும், ஆனால் தரப்பு மோதலைக் கையாள இதைவிடச் சிக்கனமான வடிவத்தை நான் பார்த்ததில்லை.

கிரெஸ்ட்வுட் ஊர்த் தலைவரின் வழக்கை எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளுக்கு முன் அரக்கப் படை வந்தபோது ஊருக்குள் வெள்ளம் விட்டது அந்தப் படைதான் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறார். வேறொரு வேலைக்காக நாம் ஏரியை வடிய விடுகிறோம், மூழ்கிய பழைய ஊர் வெளியே வருகிறது, வீடுகளுக்குள் எலும்புகள். நோய் பரவாமல் இருக்க அணைக் கதவைத் திறந்து ஆட்களை மூழ்கடித்தது தலைவரேதான். அவர் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு ஓடிப்போகிறார். பிறகு பிடிபட்டு நம் முன் நிற்கிறார். தீர்ப்பைவிட முக்கியம், ஏரி வடிந்து அந்தத் தெருக்களில் நாம் நடந்திருக்கிறோம் என்பது. சாட்சி யாரும் வரத் தேவையில்லை, சாட்சி நாம்தான்.

கிரே வார்டன் படையைச் சேர்ந்த ரூத் என்ற பெண், தன் தோழரை ரத்தச் சடங்கில் பலி கொடுத்தவர், தானே வந்து தண்டனை கேட்கிறார். இன்னொரு பக்கம், மலைக்குடித் தலைவர் ஒருவர் நம் கோட்டைச் சுவரின் மேல் ஆடுகளை வீசியெறிந்த குற்றத்துக்காக வருகிறார். அவர் மகனைக் கொன்றது நாம்தான், ஆடு வீசுவது அவர்கள் மரபில் பதில் மரியாதையாம். கனமான விசாரணைகளுக்கு நடுவே இப்படி ஒன்றை வைத்த எழுத்தாளருக்கு என் வணக்கம். சிரித்து முடித்த பிறகுதான், இவர்களை எல்லாம் விசாரிக்கும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது என்ற கேள்வி மெல்ல உறைக்கிறது. நாம் அரசரும் இல்லை, நீதிபதியும் இல்லை. கையில் படை இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை யாராவது ஒரு பாத்திரம் வாய்விட்டுக் கேட்கும்படி எழுதுங்கள். கேட்பவர் எதிரியாக இருப்பதைவிட நண்பராக இருந்தால் அது ஆழமாகப் பாயும்.

படி 6: விளையாடுபவரையும் கூண்டில் ஏற்றுங்கள்

டிராகன் ஏஜ் 2-இல் கர்க்வால் நகரம் மந்திரவாதிகளுக்கும் அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர் வீரர்களுக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருக்கிறது. இரு பக்கத்தையும் அடக்கக்கூடிய ஒரே ஆளான மதத் தலைவி எல்தினா எந்தப் பக்கமும் சாய மறுத்துக் காலம் கடத்துகிறார். நம் தோழர் ஆண்டர்ஸ் ஒரு மந்திரவாதி. அவருக்குள் ‘நீதி’ என்ற பெயருடைய ஆவி ஒன்று குடியேறி, அவருடைய கோபத்தில் ஊறிப் பழிவாங்கும் வெறியாக மாறிவிட்டது. தன்னிடமிருந்து அந்த ஆவியைப் பிரிக்க மருந்து செய்ய வேண்டும் என்று சொல்லி, சில பொருள்களைச் சேகரித்துத் தரும்படி அவர் நம்மைக் கேட்கிறார். வழக்கமான சில்லறை வேலை என்று நினைத்து நாமும் சேகரித்துத் தருகிறோம். பிறகு தேவாலயம் எல்தினாவோடு வெடித்துச் சிதறுகிறது. அந்தப் பொருள்கள் எதற்கு என்று அப்போதுதான் புரிகிறது.

டெம்ப்ளர்களின் தளபதி மெரடித், ஒருவர் செய்த குற்றத்துக்காக நகரத்து மந்திரவாதிகள் அனைவரையும் கொல்ல உத்தரவிடுகிறார். ஆண்டர்ஸ் ஒரு பெட்டியின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்து நம் முடிவுக்காகக் காத்திருக்கிறார். கொல்லலாம், விரட்டலாம், கூடவே வைத்துக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் அந்தப் பொருள்களைச் சேகரித்த கை நம்முடையது என்பது மாறாது. நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லும் வசதியை விளையாடுபவரிடமிருந்து பறித்துவிட்டதுதான் இந்தக் காட்சியின் பலம்.

டிரனி இதை ஒரு படி மேலே கொண்டுபோகிறது. அதில் நாம் கைரோஸ் என்ற சக்கரவர்த்தியின் சட்டத்தை நிலைநாட்டும் அதிகாரி. ஒன்றையொன்று வெறுக்கும் இரண்டு படைகளுக்கு நடுவே வழக்குத் தீர்ப்பது நம் வேலை. மூன்றாம் பகுதியில் தலைமை நீதிபதி ட்யூனன் நம்மையே அழைத்து, அதுவரை நாம் செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்கம் கேட்கிறார். வசதிக்கு ஏற்பச் சட்டத்தை வளைத்தவர் அந்த மன்றத்தில் திணற வேண்டியிருக்கும்.

படி 7: தேர்வு எதையாவது மாற்ற வேண்டும்

இதைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டதால் சுருக்கமாக முடிக்கிறேன். டிராகன் ஏஜ் 2-இன் கடைசியில் மந்திரவாதிகளின் பக்கம் நின்றாலும் அவர்கள் தலைவர் ஒர்சினோ கோர உருவெடுத்து நம்மையே தாக்குகிறார். டெம்ப்ளர்களின் பக்கம் நின்றாலும் மெரடித்தோடு மோத வேண்டியிருக்கிறது. இரு தரப்பும் கடைசியில் பைத்தியம் பிடித்த அரக்கர்களாக மாறினால், அதுவரை கட்டி எழுப்பிய நியாயமான குறைகள் எல்லாம் காற்றில் போய்விடுகின்றன. அதே 2011-இல் வந்த விட்சர் 2, முதல் அத்தியாயத்தின் முடிவில் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த ரோஷ், இயோர்வெத் இருவரில் யாரோடு போகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் அத்தியாயத்தை ஏறக்குறைய முழுவதுமாக வேறு முகாமிலிருந்து காட்டியது. எல்லோருக்கும் அந்த அளவு செலவு செய்ய முடியாது. குறைந்தபட்சம், தோற்ற தரப்பின் சாதாரண மனிதர் ஒருவராவது அறிவோடு, கோபத்தோடு, மனிதராகவே கடைசிவரை பேசட்டும்.

படி 8: குற்றத்தையும் நற்பெயரையும் தனித்தனிக் கணக்கில் வையுங்கள்

எழுத்தாளர்கள் பெரும்பாலும் புரோகிராமரிடம் விட்டுவிடும் வேலை இது, விடக் கூடாது. பல கேம்களில் ஒரு தரப்போடு நமக்குள்ள உறவு ஒரே எண்ணாக இருக்கிறது. அவர்களின் ஆளைக் கொன்றால் எண் குறையும், பரிசு கொடுத்தால் கூடும். விளைவு, ஒரு கொலையை நான்கு மூட்டை தானியத்தால் கழுவிவிடலாம். டிரனி ஒவ்வொரு தரப்பிடமும் ஆதரவையும் கோபத்தையும் இரண்டு தனி அளவுகளாக வைத்திருக்கிறது. ஒன்று கூடினால் மற்றது குறையாது. நம்மை மதிக்கும் அதே ஆள் நம்மை மன்னிக்காமலும் இருக்கலாம் என்பது அந்தக் கணக்கு முறையிலிருந்தே பிறந்துவிடுகிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். பெரிய செயல்களை எண்ணாக வைக்காமல், அதே பெயரோடு தனி ஃபிளாக்காக (நடந்ததைக் கேம் நினைவில் வைக்கும் குறியாக) பதிந்து வையுங்கள்: யார் செய்தது, யார் பார்த்தார்கள், பாதிக்கப்பட்டவருக்குத் தெரியுமா. வசனம் எழுதும்போது அந்த மூன்றில் எது உண்மை என்று பார்த்து வரிகளை மாற்றலாம். ஸ்கைரிம் சறுக்கியது இங்கேதான். மதனாக்கை விடுவித்த பிறகு அவர் தங்கும் ஒரு முகாமில் நம்மை நட்போடு ஏற்கிறார்கள். மற்ற மலைகளில் அதே ஃபோர்ஸ்வார்ன் பழையபடி அம்பு விடுகிறார்கள். விண்ட்ஹெல்மில் டன்மர் என்ற எல்ஃப் இனத்து அகதிகள் நெருக்கியடித்து வாழும் கிரே குவார்ட்டரின் நிலை போரின் மிகக் கூர்மையான சாட்சியங்களில் ஒன்று. பேரரசு வென்றால் அவர்களிடம் பரிவுள்ள புருன்வுல்ஃப் ஆட்சிக்கு வருகிறார், ஆனால் அந்தச் சந்துகளில் நடந்து பார்த்தால் ஆட்சி மாறிய அடையாளம் பெரிதாகக் கண்ணில் படுவதில்லை. முழு நகரத்தையும் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. பல்லி உருவ இனத்தவரான ஆர்கோனியர்களை மதிலுக்கு வெளியே துறைமுகத்தில் வைத்திருந்த நகரத்தில், ஓர் ஆர்கோனியர் மதிலுக்கு உள்ளே ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அதுவே போதும்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை. முதல் காட்சியில் இழைத்த அநியாயத்தையும் கடைசிக் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஸ்கைரிம் தொடங்குவது ஹெல்கன் ஊரில். பட்டியலில் நம் பெயர் இல்லை என்று வீரர் சொல்கிறார், பட்டியலை விடு, இவனும் மேடைக்குப் போகட்டும் என்கிறார் தலைவி. விசாரணை இல்லாத மரண தண்டனை. பேரரசின் பக்கம் நின்று போரை வென்றால், கடைசியில் விண்ட்ஹெல்ம் அரண்மனையில் உல்ஃப்ரிக் மண்டியிட்டிருக்க, நீங்களே வெட்டினால் பாட்டு நன்றாக வரும் என்று அவரே நம்மிடம் சொல்கிறார். அங்கேயும் விசாரணை இல்லை. வாள் மட்டும் கை மாறியிருக்கிறது. இந்த ஒற்றுமையை அந்தக் கேமில் ஒரு பாத்திரம்கூடக் கவனித்துப் பேசுவதில்லை. உங்கள் கேமில் அதைக் கவனிக்கும் ஆளை இப்போதே முடிவு செய்து, அவருக்கு ஒரு பெயரும் அந்த அறையில் நிற்க ஓர் இடமும் கொடுத்துவிடுங்கள்.